வெங்காய வயலில் ஊதிய விசில்

என் அன்புக்குரியவருக்கு,

வணக்கம். இங்கே நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் போனில் சொல்கிறீர்கள். நான் மேலே ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல, வச்சிடுறேன்" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். லீவு முடிந்து நீங்கள் இருக்கும் கட்டட வேலைக்கே திரும்பும் தச்சர் கையில் கொடுத்தனுப்புகிறேன். எங்காவது நிழலில் உட்கார்ந்து படியுங்கள்.

பெரியவள் கணக்கில் ஒரு வழியாகத் தேறிவிட்டாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கவே மாட்டேன் என்கிறான்.

இந்த வருஷ வெயிலைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலை வெயிலே மண்டையைப் பிளக்கிறது. வயல் வேலைக்குப் போகும் எங்களுக்காக சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்து கையகல மீட்டர் ஒன்றைக் கொடுத்தாள். சூடும் புழுக்கமும் சேர்ந்து உடம்பு தாங்காத அளவுக்கு ஏறினால் அது சிவந்து வீறிடும். எந்நேரமும் நச்சரிப்பதால் நம் பெண்கள் அதற்கு 'மாமியார்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மாமியாரைக் கவனித்துக்கொள்வதும், சிவந்தால் விசில் ஊதுவதும் என் பொறுப்பு.

முதலில் அதைக் கம்பத்தில் தலை உயரத்துக்குக் கட்டியிருந்தோம். ஆடு மேய்க்கும் அக்கா பார்த்துவிட்டு, "நீங்க என்ன நின்னுக்கிட்டா வெங்காயம் பிடுங்குறீங்க?" என்று கேட்டாள். குத்துக்காலிட்டு உட்காரும் உயரத்தில் மண் கக்கும் சூடே தனி. வந்த பெண் சிரித்துவிட்டு, அப்போதே அதை இறக்கிக் கட்டினாள். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அவள் சொன்னபோது மட்டும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆம்பிளைகள் எதிரே, மறைவில்லாத வெட்டவெளியில் தண்ணீர் குடித்துவிட்டு எங்கே போய் ஒதுங்குவது? நான்தான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் எங்களோடு உட்கார்ந்து சாக்கு தைத்தாள். வரப்போரம் இப்போது ஒரு மறைப்பு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் குடம் காலியாக ஆரம்பித்தது.

உங்கள் தம்பி பெண்டாட்டி மட்டும் அந்தக் குடத்தைத் தொடவில்லை. நான் தூக்கி வந்த குடமல்லவா! எங்கள் சண்டைக்குக் காரணமான கோழி செத்தே ஒரு வருஷமாகிறது. கோபம் மட்டும் சாகவில்லை.

போன வாரம் அறுவடை மும்முரம். லாரி வயலோரம் வந்து நிற்கிறது. உச்சிப்பொழுதுக்கு முன்பே மாமியார் சிவந்துவிட்டாள். நான் விசில் ஊதினேன், பாதிப்பேர் எழுந்தார்கள். வயல்காரர், "டப்பா கத்துதுன்னு எந்திரிச்சா லாரிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சத்தம் போட்டதும் எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மறுபடி ஊதினேன். தம்பி பெண்டாட்டி எல்லோர் காதிலும் விழும்படி, "சில பேருக்கு கையில ஒரு விசில் கிடைச்சா தலைகால் புரியாது" என்றாள். சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் நகரவில்லை.

சற்றுநேரத்தில் பார்க்கிறேன், அவள் வெங்காயத் தாளை அறுத்துச் சாக்கில் போடுகிறாள், காயை வரப்பில் எறிகிறாள். முகத்தில் பொட்டு வியர்வை இல்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். அப்படியே சரிந்துவிட்டாள்.

அதன்பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. லாரி நிழலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பம்பைப் போட்டுவிட்டு, குழாயைப் பிடித்து அவள் மேல் தண்ணீர் அடித்தது அந்த வயல்காரர்தான். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தோம். லாரிக்காரர் ஏற்றிய மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவள் பேரைச் சொல்லிச் சொல்லிக் கன்னத்தில் தட்டினேன். ஒரு வருஷமாக நான் உச்சரிக்காத பேர்.

வயலிலேயே உடம்பைக் குளிர்வித்ததால்தான் பிழைத்தாள் என்று டாக்டர் சொன்னார். சிறுநீரகம் தேற இன்னும் நாளாகுமாம். மறுநாள் வெயில் ஏறியபோது ஒருத்திகூட வயலில் இல்லை. விடியுமுன் வாருங்கள், வெயில் ஏறும்முன் போய்விடுங்கள் என்று வயல்காரரே சொல்லியனுப்பினார். அந்தப் பக்கத்துச் செங்கல் சூளைப் பெண்களுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. நாளை நானும் ஆட்டுக்கார அக்காவும் அங்கே போகிறோம்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். கண் விழித்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் வெயில்ல, கட்டடத்து மேல்தளத்துல விழுந்தாராம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு" என்றாள். இரண்டு மாதமாகத் தெரிந்தும் வாயைக் கட்டிப்போட்டிருந்தாளாம். உங்கள் தம்பியைக் கேட்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். விழுந்த மறுநாளே நீங்கள் வேலைக்குப் போனீர்களாமே? அன்று சாயங்காலம் போனில் பெரியவளின் கணக்கைப் பற்றித்தான் பேசினீர்கள்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கமாட்டேன். நான் என்ன ஆவேன் என்று பயந்திருப்பீர்கள். ஆனால் வெயிலில் விழும் உடம்பு எப்படிக் கொதிக்கும் என்பதை இந்தக் கையால் தொட்டுவிட்டேன். உங்களைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓட அங்கே யார் இருக்கிறார்கள்?

மேஸ்திரி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். தலை கிறுகிறுத்தால் இறங்கிவிடுங்கள். வியர்வை நின்றுவிட்டால் ஒரு நிமிஷமும் வெயிலில் நிற்காதீர்கள். பக்கத்தில் வேலை செய்கிறவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், நீங்கள் அவரையும் அவர் உங்களையும் பார்த்துக்கொள்ளட்டும். இறங்க விடவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டுகிற வீடு பாதியில் நின்றால் நிற்கட்டும். இந்தத் தகரக் கூரைக்குக் கீழே நாலு பேராக இருந்துவிட்டுப் போவோம். நாலு பேராக, தெரிகிறதா?

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. அப்பா வந்தால்தான் சிரிப்பேன் என்கிறான் சின்னவன். நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டும்.

உங்கள் வழியையே பார்த்திருக்கும்,
உங்கள் பிள்ளைகளின் அம்மா