வள்ளத்தில் இருந்த மீன்கொத்தி

அன்புள்ள கமலேஸ்,

நானும் எங்கள் மகள் லதுஷாவும் நலம். எழுத்துக் கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்ளும். போனில் சொல்லக் குரல் வராது என்பதால் எழுதுகிறேன்.

நீர் குவைத்துக்குப் போனதிலிருந்து தினமும் காலையில் கமராவுடன் உப்புவெளிக் கடற்கரைக்குப் போகிறேன். கலியாண வீடுகளில் படமெடுத்துக் களைத்த மனம் அங்கேதான் ஆறுகிறது.

நேற்று ஒரு மீன்கொத்தி வள்ளத்தின் விளிம்பில் அசையாமல் இருந்தது. அப்படியொரு நீலம்! மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது படம் எடுத்தேன். வீட்டில் லதுஷாவிடம் காட்டினேன். மகள் சிரித்தாள்.

"அப்பா, இது மீன்கொத்தியில்லை, நீலச் சொப்பிங் பேக். வள்ளத்தில கொளுவிக் கிடக்குது."

நானும் சிரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எதிர்ச் சுவரிலிருந்த கலண்டரைக் காட்டினாள்.

"இண்டைக்கு என்ன திகதி எண்டு வாசியுங்கோ."

எனக்கு வாசிக்க ஏலவில்லை.

இரண்டு மாதமாகக் கண் முன்னால் ஒரு புகை. கமராவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். போன கிழமை ஒரு மணப்பெண்ணின் முகமே மங்கலாய் வந்தது. அந்தக் கலியாண வீட்டார் சண்டைக்கு வந்ததை உமக்குச் சொல்லவில்லை.

இன்று காலை மகளும் என்னுடன் கடற்கரைக்கு வந்தாள். கடல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எது நான் காண்பது, எது நானாக நினைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு படமும் எடுக்காமல் திரும்பி வந்தேன்.

அடுத்த மாதம் நாலாம் திகதி கண் டொக்டரைப் பார்க்க மகள் பதிந்திருக்கிறாள். "நானிருக்கிறன்தானே, பயப்பிடாதேங்கோ" என்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளை.

இத்தனை வருடத்தில் உம்மை வரச்சொல்லி நான் கேட்டதில்லை. லீவு கேட்டுப் பாரும். டொக்டர் என்ன சொன்னாலும், அதைக் கேட்கும்போது நீர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உம்மை எதிர்பார்த்திருக்கும்,
உமது கணவன்