வடக்கே போன வெளிச்சம்

மார்ச் 3
ஆய்வகத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து நின்றான், கையில் தன் கணக்கெல்லாம் எழுதிய அதே நீல நோட்டு. ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். சார்பியல் கொள்கை தப்பு என்று நான்கு வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"ஐன்ஸ்டீன் லிஃப்டுக்குள்ள நிக்கிற மாதிரி நினைச்சுத்தான் பாத்தாரு. நான் முப்பது வருஷம் நெசமாவே நின்னிருக்கேன். எல்லாத் திசையிலயும் வெளிச்சம் ஒரே வேகம்தான்னு அவரு சொன்னதை நீ அளந்து பாத்தியா?"

இல்லை. பத்தொன்பது வருடமாக மாணவர்களுக்கு அளந்து காட்டுகிறேன், கிழக்கு மேற்காக மட்டும். மேசை அப்படிக் கிடக்கிறது.

மார்ச் 5
அவன் வாயை அடைக்கலாம் என்று அளந்தேன். பதினைந்து மீட்டரில் கண்ணாடி. லேசர் வெளிச்சம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கிழக்கு மேற்கு நடைக்கூடத்தில் சரியாக வந்தது, நூறு நானோ விநாடி. வடக்கு தெற்கில் நூற்றுப்பத்து.

நூற்றுப்பத்தா?

மார்ச் 6
மறுபடியும் நூற்றுப்பத்து.

மார்ச் 7
சொல்லியிருக்கக் கூடாது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னைக்குத்தான் நீ என்னைப் பைத்தியம்னு சொல்லல." அடுத்த ஞாயிறு நூலக அரங்கில் பேசப்போகிறானாம். எங்கள் துறைத்தலைவரையே கூப்பிட்டுவிட்டான்.

உலகம் முழுக்க அளந்தவர்கள் தப்பு, என் நடைக்கூடம் சரியா? ஒன்றும் பிடிபடவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 10
ஒயர்.

சாமான்களை எடுத்து வைக்கும்போது கையில் சிக்கியது. வடக்குப் பக்கம் கருவி எட்டவில்லை என்று நான்தான் நீள ஒயரை மாட்டினேன். இரண்டு மீட்டர் அதிகம். வெளிச்சம் வந்த சேதி அதைக் கடந்து கருவிக்கு வர ஆன நேரம்தான் அந்தப் பத்து. நடுவுல ஒயரை மாத்தாதீங்க, மாத்தாதீங்கன்னு வருஷா வருஷம் கத்துறவ நான். என் புத்தி எங்க போச்சு?

போனில் அண்ணனிடம் சொன்னேன். "எந்த ஒயரு?" என்று கேட்டான். வைத்துவிட்டான்.

மார்ச் 13
அண்ணன் போனை எடுக்கவில்லை. அந்த நூற்றுப்பத்தையே அரங்கில் சொல்லிவிடுவானோ? சொன்னால் நான் எழுந்து மறுப்பேனா — அவன் தங்கை?

மார்ச் 15
இருபது பேர் இருந்தோம். முன்வரிசையில் துறைத்தலைவர், பக்கத்தில் நான். அண்ணன் நீல நோட்டைத் திறக்கவே இல்லை.

"தங்கச்சி லேப்ல அளந்தோம். வடக்கே வெளிச்சம் மெதுவாப் போச்சு. அது வெளிச்சத்து மேல தப்பில்ல. எட்டலைன்னு நீள ஒயரை மாட்டிட்டேன். நான்தான்."

அவன் அந்த நடைக்கூடத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. செய்த தப்பையே ஒப்புக்கொள்ளாதவன். செய்யாத தப்பை எதற்கு?

"அதானே, நீங்க மாட்டியிருக்க மாட்டீங்க" என்றார் துறைத்தலைவர், என் பக்கம் திரும்பி. நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 16
காலையில் முதல் வேலையாகத் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன், மாட்டியது நான் என்று. பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"ஏன்ணா அப்படிச் சொன்ன?"

"உனக்கு வேலை இருக்கு. எனக்கு என்ன இருக்கு, நோட்டுதானே" என்றான். போனை வைக்கும் முன், "கொள்கை இன்னமும் தப்புதான், பாத்துக்க" என்றான்.

நாளை இரண்டு பேரும் அளக்கிறோம். ஒயரை அவன் கொண்டுவருகிறானாம்.