கண்டதை மட்டும்

அன்புள்ள அம்மா,

திருகோணமலையில் நீங்களும் அப்பாவும் சுகந்தானே? உங்கள் இருமல் குறைந்ததா?

இந்தக் கீரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகளுக்கு விலங்குகளின் நடத்தை படிப்பிக்கிறேன். தெருக் கழுதைகளைக் காட்டக் கூட்டிப் போனேன். ஒன்று என் முழங்காலில் உதைத்துவிட்டது. வீக்கம் மட்டுந்தான், பயப்படாதீர்கள்.

“குட்டி தாயைக் காணாமக் கவலைப்படுது டீச்சர்” என்றாள் ஜெஸ்லியா.

“கவலை கண்ணுக்குத் தெரியாது. கண்டதை மட்டும் சொல்லு” என்று திருத்தினேன்.

மறுநாள், விரும்பிய உயிரொன்றைக் கவனித்துச் சொல்லும்படி கேட்டேன். அவள் எழும்பி, “எங்கட டீச்சர் பஸ் சத்தம் கேட்டா யன்னலுக்குப் போறா. பஸ் போனதும் திரும்பி வந்து இருக்கிறா” என்றாள். வகுப்பே சிரித்தது. திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

மணி அடித்துவிட்டது. முழங்காலுக்குப் பூச எண்ணெய் வேண்டும். அங்கிருந்து வரும் பஸ்ஸில் கொடுத்துவிடலாம், நீங்களே கொண்டு வந்தாலும் சரி.

வேணுஜா