முதல் இரண்டு வரிகள்

ஆகஸ்டு 10, செவ்வாய்

மூடுபனி. விறகு ஈரம், தண்ணீர் கொதிக்கவில்லை. காலையிலேயே அறுபத்திரண்டு பேர். டாக்டர் நான் ஒருவன். முழு டாக்டர்கூட இல்லை. கடைசி வருடத்தில் போர் வந்து காலேஜை மூடிவிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் ஓடிய பிறகு இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி என் தலையில்.

ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர், குடியிருக்கும் லயம், நோய். மூன்று பிரதி. இரண்டு ஜப்பான்காரன் ஆபீஸுக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு. புண் கட்ட ஐந்து நிமிடம், எழுத ஐந்து நிமிடம்.

வரிசையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. காலில் ஆறாத புண். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பட்டியல் எழுதியவன். தன் மகன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் தம்பி செல்வத்தை எழுதியவன். தம்பி போய் நான்கு மாதம். ஒரு சேதியும் இல்லை.

கிராணியைக் கடைசியில் நிறுத்தினேன். ஒற்றைக் காலில் நின்றான். எனக்கு மகிழ்ச்சி. மறைக்க நினைக்காத மகிழ்ச்சி.

ஆகஸ்டு 11, புதன்

மழை. குவினைன் முடியப்போகிறது.

கொழுந்து கிள்ளும் அந்தோணியம்மா, யாரும் கேட்காமலே வரிசையைப் பிரித்துவிட்டாள். காய்ச்சல் ஒரு பக்கம், புண் ஒரு பக்கம், வயிற்றுப்போக்கு முன்னால்.

"ஐயாகிட்ட போனதும் மாமியார் கதையெல்லாம் வேணாம்லா. எங்க வலிக்குது, எத்தன நாளா, அத மட்டும் சொல்லு."

"மாமியாராலதான வலிக்குது!"

சிரிப்பு. நானும்.

கட்டுத்துணி துவைக்க ஆள் முறை போட்டிருக்கிறாள். வருகிறவர் ஆளுக்கு ஒரு விறகு. காலேஜில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

கிராணி இன்றும் கடைசி. யாரோ ஒருவர்: "விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்பிட எங்கள எத்தன வருசம் நிக்க வச்சீங்க, கிராணியாரே. நல்லா நில்லுங்க!"

அவன் முறை வந்ததும், மெல்ல: "பேரெல்லாம் நான் உக்காந்து எழுதித் தரேன் ஐயா. உங்களுக்குப் பாதி வேல கொறையும்."

"நீங்க எழுதினது போதும்."

புண்ணின் கட்டை இறுக்கினேன். தேவைக்கு மேல்.

ஆகஸ்டு 12, வியாழன்

வேண்டியவை: சோப்பு, உப்பு, பழைய வேட்டித் துணி. தம்பியின் வேட்டி பெட்டியில் இருக்கிறது. கிழிக்க மாட்டேன்.

எழுபது பேர். விரல்கள் மரத்துவிட்டன. மூன்றாம் பிரதி எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே சத்தம். பார்வதி மயங்கி விழுந்திருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். இரண்டு மணி நேரம் நின்றவள். பிழைத்துவிட்டாள். வயிற்றில் அசைவு இருக்கிறது.

அந்தோணியம்மா கதவைச் சாத்தினாள்.

"அந்த ஆள எழுத வைங்க ஐயா."

"அவன் என் தம்பிய..."

"என் வீட்டுக்காரரையும் அவன்தான் எழுதுனான். அதே தாளுல. கோவம் உங்களுக்கு மட்டுமா? உங்க கோவத்துக்குப் பார்வதி ஏன் நிக்கணும்?"

சாப்பிடவில்லை.

ஆகஸ்டு 13, வெள்ளி

கொஞ்சம் வெயில். கிராணிக்கு மேசை. காலை நீட்டிக்கொள்ள ஒரு பெட்டி. அவன் முகத்தில் நன்றி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நம்ம பிரதியில முதல் வரி, செல்வம். ரெண்டாவது வரி, அந்தோணியம்மா வீட்டுக்காரர் சூசை."

பேனா நின்றது. "நோயி என்னன்னு எழுத, ஐயா?"

"காலியா விடுங்க. அவங்க வந்ததும் பாத்து எழுதலாம். தினமும் இந்த ரெண்டு பேரு முதல்ல. அப்புறம்தான் மத்தவங்க."

எழுதினான். மணிமணியான எழுத்து. அந்தப் பட்டியலிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அந்தோணியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எது அவர் பேரு?" அவன் விரலால் காட்டினான். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெளியே திரும்பி, "மொத ஆளு வாங்க."

மதியத்துக்குள் எல்லோரையும் பார்த்து முடித்தேன். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

ஆகஸ்டு 14, சனி

மறுபடி பனி. கிராணி எனக்கு முன்பே வந்துவிட்டான். முதல் இரண்டு வரிகளை எழுதி முடித்து, மையும் காய்ந்திருந்தது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அந்த இரண்டு பெயரையும் என் கண்முன் மறுபடி எழுதச் சொன்னேன்.