திரையிலிருந்து போன பெயர்

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள அண்ணன் வரதனுக்குத் தாட்சாயிணி எழுதுவது.

நைனாவின் காரியம் முடிந்தது. கம்பெனியில் லீவு கிடைக்காமல் நீ மஸ்கட்டில் தவித்தது எல்லோருக்கும் தெரியும். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார்.

கடைசியில் என்ன நடந்தது என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நைனாவைச் சேர்த்திருந்த முகப்பேர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ.வுக்கு வெளியே நோயாளிகளின் பெயர் போட்ட பெரிய திரை ஒன்று உண்டு. அம்பத்தூர் ஆபீஸில் அதற்கு புரோகிராம் எழுதியது நான்தான். உள்ளே நர்ஸ் கம்ப்யூட்டரில் நிலவரத்தை மாற்றினால் போதும், வெளியே திரை தானாக மாறும். ஒவ்வொருவர் பெயர் வரியின் நிறத்தையும் அந்த நிலவரத்தோடு கட்டியிருந்தேன். ஆபத்து என்றால் சிவப்பு, தேறினால் பச்சை, வார்டுக்கு மாற்றினால் நீலம், கூடவே வார்டு எண்.

இறந்துபோனால் என்ன நிறம் என்று அப்போது கேட்டேன். மேனேஜர் தங்கராஜ் சார், "அதுக்கு இன்னாத்துக்கும்மா கலரு? வரியே வராத மாதிரி பண்ணிடு. பாக்கிறவங்க பயந்துடுவாங்க" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

அன்று மத்தியானம் நானும் அம்மாவும் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். நைனாவின் வரி சிவப்பாக இருந்தது. டீ வாங்கலாமென்று எழுந்தேன். மறுபடி பார்த்தால் அந்த வரி இல்லை. கீழே இருந்த பெயர்கள் மேலே ஏறியிருந்தன.

அம்மா என் கையைப் பிடித்து, "ஏய், உங்க நைனா பேரு காணோம் பாரு! வார்டுக்கு மாத்திட்டாங்க போல கீது. எழுந்து வந்துடுவாருன்னு நான் சொல்லல?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து அவர் வேட்டியை எடுத்து மடிப்பை நீவ ஆரம்பித்தாள்.

வார்டு என்றால் வரி நீலமாகியிருக்கும் என்று தெரிந்தும், டாக்டர் வெளியே வரும்வரை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது சரியா தப்பா, இன்றுவரை தெரியவில்லை அண்ணா.

வேலைக்குத் திரும்பியதும் தங்கராஜ் சாரிடம் சொன்னேன். உடனே மாற்றிவிடச் சொன்னார். இப்போது பெயர் மறையாது. நிறமில்லாமல், 'டாக்டரைப் பாருங்கள்' என்று நிற்கும்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் குரல் கேட்டால்தான் அழுகிறாள். அழுத பிறகு இரண்டு வாய் இறங்குகிறது. அதனால் தினமும் பேசு. நான் ஆபீஸுக்குக் கிளம்பினால் கதவருகே வந்து நிற்கிறாள், ஆனால் தடுப்பதில்லை.

லீவு எப்போது கிடைத்தாலும் சரி. உடம்பைப் பார்த்துக்கொள். நீ பத்திரமாக ஊடு வந்து சேர்ந்தால் போதும்.

உன் தங்கை,
தாட்சாயிணி