அரை நிமிடம் பிந்தி வரும் கபடி

ஜூலை 12, சனி

என்னைக் கட்டிய மச்சான், வளைகுடா வேலைக்குப் போன இடமான தம்மாமில் மொபைலில் பார்க்கிற கபடி, எங்கள் தென்காசி வீட்டு டிவியைவிட அரை நிமிடம் பிந்தித்தான் ஓடும். வீடியோ காலில் இருந்துகொண்டே இருவரும் பார்ப்போம். கிரிக்கெட், பாட்டுப் போட்டி எல்லாம் எனக்குக் கபடிக்கு அப்புறம்தான். போன ஆட்டத்தில் நான் முந்திக்கொண்டு "போச்சு" என்று கத்தியதில், கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். இன்றைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

கடைசி ரைடு. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியும் எங்கள் ஆள் நடுக்கோட்டை விரல் நுனியால் தொட்டுவிட்டான். சீரியலை விட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த மாமி, மச்சானின் அம்மா, கைதட்டப் போனார். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். போனில் மச்சான் இன்னும் நகம் கடித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் துள்ளினார்.

"ஏட்டி, நெசமாவே சொல்லாம இருந்துட்டியே."

"உசுரப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன் மச்சான்."

"நானும் ஒண்ணச் சொல்லாமத்தான் இருக்கேன். லீவு கெடச்சிட்டு. காலையிலேயே சொல்லிட்டாவ. மேட்ச் முடியட்டும்னு இருந்தேன்."

மாமி அழுதுவிட்டார். எத்தனை நாள் லீவு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சாரல் காலம் முடிவதற்குள் வந்துவிட்டால் ஐந்தருவிக்குக் குளிக்கப் போகலாம். ஒரு ஆட்டமாவது ஒரே டிவியில் பார்க்கலாம்.

அன்றைக்கு நான் தொண்டை கிழியக் கத்துவேன்.