ஏரி எடுத்துக்கொள்ளும் சத்து

ஜூன் 11, 2024
விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. தூங்கினாலும் விடுவதில்லை. ஏரியில் தடவும்போது இறால் கைக்கு அடியில் வந்தும் தப்பிவிட்டது. கூட இறங்குகிற வசந்தா, "ஒடம்புல சத்து இல்லடி, அதான்"னாள். இருக்கும். எனக்கு எப்போ சத்து இருந்திச்சு?

ஜூன் 14
பழவேற்காட்டில் மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை. "சத்து மாத்திரைதாம்மா, ஒண்ணும் பண்ணாது. தெனம் ஒண்ணு போதும்."

அவருக்கு என்ன தெரியும்? நாங்கள் இறால் போடுகிற பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணியில் மண்ணைத் தடவிக்கொண்டே கிடக்கிறோம். ஊறி ஊறித் தோலே வெளுத்துப்போகிறது, உள்ளே இருக்கிற சத்து மட்டும் தங்குமா? ஏரி எடுத்துக்கும்னு இங்கே எல்லாரும் சொல்வார்கள். அதனால் இறங்குவதற்கு முன் ஒன்று, ஏறின பிறகு ஒன்று.

ஜூலை 20
குறையவில்லை. சத்து கேப்ஸ்யூலும் சேர்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 2
இப்போது காலும். பாதத்தில் துணி சுற்றி வைத்த மாதிரி. மிதிப்பது சேறா, சிப்பியா, தெரியவில்லை. வீட்டுக்காரர் கோபப்பட்டார். "இன்னாத்துக்கு இத்தினி மாத்திர முழுங்கற? பொன்னேரிக்கு வா, ரத்தம் பாக்கலாம்." ஒரு நாள் வேலை போகுமே. வேண்டாம்னுட்டேன். குறைவு முத்திப்போச்சு போல. மாத்திரையைக் கூட்டினேன்.

அக்டோபர் 9
சேற்றில் இறங்கும்போது விழுந்தேன். கால் தரையில பட்டதே தெரியல. எல்லாரும் பாத்தாங்க. வசந்தா பறி நிறைஞ்சிது, எனக்கு ஒரு கைப்பிடி. இன்னா கை இது? வெட்டிப் போடலாம் போல இருக்கு. இந்தக் கை இல்லன்னா நான் யாரு?

அக்டோபர் 16
பொன்னேரி. டாக்டரம்மா எல்லா மாத்திரை அட்டையையும் மேசைமேல் பரப்பச் சொல்லி, பின்பக்கம் படித்தார். எல்லாவற்றிலும் பி சிக்ஸ் வைட்டமின். அளவுக்கு மீறி, மாசக்கணக்கில் போனதால் அதுவே நரம்பைக் கெடுத்திருக்கிறதாம்.

"இன்னைக்கே நிறுத்துங்க. ரத்தம் பார்க்காம சத்துக் குறைவுன்னு யாரு முடிவு பண்ணது?"

"சத்த ஏரி எடுத்துக்கும்னு நெனச்சேம்மா."

"ஏரி எதையும் எடுத்துக்கலம்மா. எல்லாம் உங்க உள்ளதான் போச்சு."

அக்டோபர் 22
ரத்தச் சோதனை முடிவு வந்தது. எந்தச் சத்தும் குறைவில்லை. முதலில் வந்தது மணிக்கட்டில் நரம்பு அழுந்தினதாக இருக்கலாமாம். பட்டை கட்டி, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்திருந்தாலே அடங்கியிருக்குமாம்.

நானே — என் கையாலயே — பாவி, பாவி.

மெதுவாகத் தேறும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

நவம்பர் 30
கரையில் உட்கார்ந்து இறாலைப் பெரிசு சின்னது பிரிக்கிறேன். கண் இருந்தால் போதும். வசந்தா இப்போது என் இடத்துக்கு வந்த தேவியோடு இறங்குகிறாள். அவள்மேல் தப்பில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பார்க்கமாட்டேன்.

ஜனவரி 5, 2025
ஏன் எழுந்திருக்கணும்?

பிப்ரவரி 18
நடை கொஞ்சம் தேறியிருக்கிறது. விரல் அப்படியேதான். சாயங்காலம் வசந்தா வந்தாள். அவளுக்கும் உள்ளங்கை மரத்துப்போகிறதாம். "மீந்த மாத்திர இருந்தா குடுடி. நீ அளவில்லாம தின்ன, நான் ஒண்ணுதான் போடுவேன்." கத்திவிட்டேன். ஒரு நாள் வேலை போனா உங்கப்பனா குடுப்பான்னு அவளும் கத்தினாள்.

பிப்ரவரி 19
பொன்னேரி பஸ். பக்கத்தில் வசந்தா, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஊசியென்றால் பயமாம். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் குனிந்து பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.